பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள்

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை டிசைன் செய்யும் வேலை என்றால் கம்ப்யூட்டரை உடனே திறக்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். பெயர்களை எழுதி முடித்த பிறகுதான் நிறமும் எழுத்தும் பூவேலையும்.

கடைக்கு வரும் வாடிக்கையாளர் மேட்டரை எழுதிக் கொண்டுவருவார். தப்பு இருந்தால் சண்டை போடுவார், காசைக் குறைப்பார், திரும்ப அடித்துத் தரச் சொல்வார். சொந்தக்காரர் அப்படியில்லை. காசு வாங்காமல் செய்து கொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொள்வார். ஐந்நூறு பத்திரிகையும் ஊருக்குள் போன பிறகு, பெயர் விடுபட்ட சின்ன மாமன் கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிடுவார். அந்த மனத்தாங்கல் அடுத்த காதுகுத்து வரைக்கும், சில வீடுகளில் அடுத்த தலைமுறை வரைக்கும் போகும். கூலி வாங்கும் வேலையை விட இலவச வேலைக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பத்திரிகைக்கு ஒரு நடை உண்டு. உச்சியில் குலதெய்வம் துணை. அடுத்து தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, முகூர்த்த நேரம். பிறகு இருவீட்டுப் பாட்டன் பாட்டி, பெற்றோர், மணமக்கள். கீழே தாய்மாமன்மார், பங்காளிகள், மாமன் மச்சான்கள், கடைசி வரிசையில் பேரன் பேத்திகள். எண்ணிப் பார்த்தால் நாற்பது, ஐம்பது பெயருக்குக் குறையாது. வெளியூர்க் கல்லூரியில் டிசைன் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது இடத்தை அடைக்கிற சுமையாகத் தெரிகிறது. ‘இவ்வளவு பெயர் எதற்கு? மணமக்கள் பெயர் போதாதா?’ என்று கேட்கிறார்கள். பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர் முதலில் தேடுவது தன் பெயரைத்தான். நாற்பது பெயரையும் நெரிசலில்லாமல், யாருக்கும் குறைவைக்காமல் அடுக்குவதுதான் இங்கே டிசைன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பட்டியலை ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். மாப்பிள்ளையின் தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவதை அப்படியே தட்டச்சு செய்தால் வம்புதான். அவர் வயதுக்குத் தெரிந்த உறவு மட்டும்தான் அதில் இருக்கும். வீட்டில் மூத்த பெண்மணி ஒருவரைத் தனியாகக் கேளுங்கள். யார் யாருக்கு என்ன முறை, எந்தப் பங்காளியோடு இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறது, யார் இறந்து ஓராண்டு ஆகவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இன்ஷியலையும் அவரிடமே சரிபாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். இன்ஷியல் மாறினால் ஆளே மாறிவிடும்.

கணவனை இழந்த பெண்களின் பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அத்தை பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டி மகளைப் படிக்க வைத்தவர். மகளுக்குக் கல்யாணம் கூடியபோது மேட்டர் அவர் கணவருடைய அண்ணன் வீட்டிலிருந்து, அதாவது மணப்பெண்ணின் பெரியப்பாவிடமிருந்து வந்தது. ‘எனது இளைய சகோதரர் தெய்வத்திரு’ என்று தொடங்கி மாமா பெயர் இருந்தது, பெரியப்பா பெரியம்மா பெயர் இருந்தது. அத்தை பெயர் எங்குமே இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தார்கள். சமையற்கட்டில் வைத்து அத்தையிடம் கேட்டேன். “எம் பேரு போட்டா ஆராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா கண்ணு?” என்றார். நேராகப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். “போடு சாமி. எழுதறப்ப எனக்குத் தோணவே இல்ல” என்றார். அவ்வளவுதான் விஷயம். கேட்பதற்கு ஒரு ஆள் இல்லாமல்தான் எத்தனையோ பத்திரிகைகளில் அம்மாக்கள் காணாமல் போகிறார்கள். டிசைன் செய்கிறவர் அந்த ஆளாக இருக்கலாம். வீட்டாரின் முடிவை மாற்ற நமக்கு உரிமையில்லை, கேட்க உரிமையுண்டு.

புரூப் எடுத்துக்கொண்டு போனேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மகளிர் குழு நோட்டில் கையெழுத்துப் போடத் தெரியும். தன் பெயரை அதன் உருவத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வார். விரலை வரி வரியாக ஓட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. நான் போட்டிருந்தது கொடி சுற்றிய அலங்கார எழுத்து. கடைசி எழுத்தின் சுழி அவர் நோட்டில் எழுதும் சுழி மாதிரி இல்லை. கடைக்குத் திரும்பி வந்து பெயர்கள் எல்லாவற்றையும் சாதாரண உருண்டை எழுத்துக்கு மாற்றினேன். இரண்டாம் புரூப்பில் விரல் அந்த வரியில் நின்றது. அன்றிலிருந்து அலங்கார எழுத்தைத் தலைப்புக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டதால் இங்கேயே முடித்துவிடலாம். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும் உண்டு, கீழே வாலும் வளைவும் உண்டு. ‘மீ’க்கு மேல் வரியில் என்ன வருகிறது, ‘சூ’வுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வரி இடைவெளி வைக்க வேண்டும். எழுத்தளவில் மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் இடைவெளி கொடுங்கள். பெயர் நீளமாக இருக்கிறதென்று அதை மட்டும் பக்கவாட்டில் அமுக்காதீர்கள். ‘ணை’, ‘ஞா’ போன்ற அகல எழுத்துகள் நசுங்கிவிடும். பக்கத்துப் பெயர் நிமிர்ந்து நிற்க இந்தப் பெயர் மட்டும் ஒடுங்கி நிற்பதைச் சொந்தக்காரர் கண்டிப்பாகக் கவனிப்பார். எழுத்தளவை எல்லோருக்கும் ஒருசேரக் குறைப்பதே நியாயம். இன்ஷியல் ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் பிரியக் கூடாது. எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு கொடுத்தால் முதலில் மறைவது புள்ளி. புள்ளி போனால் ‘கண்ணன்’ ‘கணணன’ ஆகிவிடுவார். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இது தெரியாது; அச்சடிக்கும் அளவிலேயே ஒரு தாள் எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள்.

நம் பகுதிக்கு இதில் ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாமக்கல் லாரிப் பட்டறையும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிப் பட்டறையும்தான் அது. பாடி கட்டி முடித்த லாரியின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பக்கத்தில் பிள்ளைகளின் பெயர். பெயின்டர் தூரிகையால் எழுதுவார்: அடர்ந்த நிறத்தின் மேல் மஞ்சளோ வெள்ளையோ, ஒரே பக்கமாக நிழல், அகலமான இடைவெளி. தேசிய நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியிலிருந்து ஒரு நொடியில் படித்துவிடலாம். பெயரைப் பெருமையோடு எழுதுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஒரு மத்தியானம் பட்டறையில் போய் நின்று பாருங்கள். எந்தச் செயலியும் இதைக் கற்றுத் தராது. மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையும் சித்திரம் எழுதிப் பிழைத்தவர்தான்; நம் ஊரில் எழுத்தும் ஓவியமும் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன.

எழுத்துருவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவனார் எல்லாம் இலவசம். அச்சுக்கும் தடையில்லாமல் பயன்படுத்தலாம். பெயர்ப் பட்டியலுக்கு முக்த மலரோ பவனமோ போதும். பழமை தெரிய வேண்டும் என்று 1978-ம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘ணை’, ‘னா’ வடிவங்கள் உள்ள எழுத்துருவைச் சிலர் தேடிப் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் படித்துவிடுவார்கள், பேரப்பிள்ளைகள் திணறுவார்கள். பெயரில் வேண்டாம்.

அச்சகத்தில் இன்னும் பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள் ஓடுகின்றன. நீங்கள் போனில் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவதை அங்கே மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்போது ‘ஸ்ரீ’யும் மேற்கோள் குறியும் ஆங்கிலச் சொல்லும் சிதைந்துவிடும். யூபிஐ முகவரி இருந்தால் அந்த வரியை ஆங்கில எழுத்துருவில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். நீங்களே வடிவமைத்துக் கொடுப்பதானால் எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடுங்கள். போட்டோஷாப்பில் கொம்பும் எழுத்தும் பிரிந்து பிரிந்து விழுந்தால் எழுத்துருவில் கோளாறு இல்லை. டைப் அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் தேர்ந்திருக்க வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

தேதியும் கிழமையும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியவை. நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், சித்தப்பா வீட்டுக் காதணி விழாப் பத்திரிகையில் முந்தைய பத்திரிகையின் கிழமை அப்படியே தங்கிவிட்டது. தேதி சரி, கிழமை தப்பு. முன்னூறு பத்திரிகை. ஒரு இரவு முழுக்க என் அம்மாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்து எழுதினோம். சித்தப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே புதிய மேட்டரை மாற்றும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். இப்போது தினசரிக் காலண்டர் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அதில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நல்ல நேரம் நான்கும் ஒன்றாக இருக்கும். புரூப்பில் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். இது பொறுப்பைத் தட்டிக்கழிக்க இல்லை. கையெழுத்துக் கேட்டால்தான் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கிறார்.

பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அதனால் மூலையில் அரை அங்குலத்துக்கு எழுத்தோ தங்க நிறமோ வேண்டாம். வழவழப்பாக லேமினேஷன் செய்த தாளில் மஞ்சள் ஒட்டாது. கவரின் மேல் அழைப்பவர் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும். அடர்சிவப்புப் பளபளப்புக் கவரில் சாதாரணப் பேனா எழுதாது. சாமி படத்தை இணையத்தில் தேடி எடுக்கும்போதும் யோசியுங்கள். ரவிவர்மா 1906-ல் மறைந்தவர். நம் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை, ஆகவே அவர் ஓவியங்கள் பொதுச்சொத்து. கோவில்பட்டியில் காலண்டர் படங்களுக்குப் பேர்பெற்ற கொண்டையராஜு மறைந்தது 1976-ல். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் குலதெய்வக் கோயிலுக்கே போய் ஒரு படம் எடுத்து வந்தால் இந்தக் கவலையே இல்லை. வீட்டாருக்கும் அந்தச் சாமிதான் வேண்டும்.

கோயில் பண்டிகை நோட்டீஸில் பெயரை விட நாள்தான் பெரிது. பூச்சாட்டு, கம்பம் நடுதல், மாவிளக்கு, பொங்கல், மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கிழமையையும் நேரத்தையும் தனித்தனி வரியில் போடுங்கள். சேலம் குகைப் பக்கத்து ஆடிப் பண்டிகையில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்கு வெளியூரிலிருந்து கூட்டம் வரும். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான், அதைப் பெரிதாக வையுங்கள். நன்கொடையாளர் பட்டியல் நோட்டீஸின் பின்பக்கம் போகட்டும்.

ஃபிளக்ஸ் பேனர் கேட்டு வருகிறவர்களிடம் எனக்கு இரண்டு நிபந்தனை உண்டு. ஒன்று, ஒரு பெண் பெரியவளானதற்கு நடத்தும் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அந்தப் பெண்ணின் படத்தைத் தெருவில் வைக்கும் பேனரில் போட்டுத் தர மாட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. திங்கட்கிழமை அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பெயர், படம், படிக்கிற பள்ளி என்று எல்லாவற்றையும் ஆறடி உயரத்துக்கு எழுதி வைத்தால் அவள் தலை நிமிர்ந்து எப்படி நடப்பாள்? அவளிடம் யாரும் கேட்பதில்லை. பெற்றோரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். மண்டபத்துக்குள் வைக்கப் படத்தோடு ஒன்று, வாசலுக்குக் கோலமும் அழைப்பும் மட்டும் உள்ளது ஒன்று என்று இரண்டு செய்து தருகிறேன் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, பேனர் சாலையில் நிற்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வேலையிலிருந்து திரும்பிய 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வாழ்த்துவதற்காக அடித்த பேனர் அது. உள்ளாட்சி அனுமதி வாங்கியாயிற்றா, எங்கே கட்டப் போகிறீர்கள், ரீப்பர் சட்டம் எத்தனை, காற்றுக்குத் தாங்குமா என்பதையும் டிசைன் செய்கிறவர் கேட்கலாம், கேட்க வேண்டும். மண்டப வாசலில் 30 அடி தொலைவிலிருந்து பார்ப்பார்கள் என்றால் முக்கிய எழுத்து 3 அங்குல உயரம் இருந்தால் போதும். பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. தமிழுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைச் சொன்னாலே இருபதடிப் பேனர் எட்டடியாக இறங்கிவிடும்.

தர்மகாரியத்துக்கு வருவோம். ரத்ததான முகாம் நோட்டீஸில் பெரும்பாலும் சொட்டு ரத்தப் படமும் அமைப்பாளர்களின் முகங்களும்தான் இருக்கும். படிக்கிறவர் மனதில் உள்ள கேள்வி, ‘நான் கொடுக்கலாமா?’ என்பது. அதற்குப் பதில் போடுங்கள்: வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். இடம், நேரம், வந்து சேரும் பஸ். அமைப்பாளர் பெயர் கீழே சிறியதாக. சாதிப் பட்டமும் கட்சி வண்ணமும் இந்த நோட்டீஸில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரத்தம் தேவைப்படுகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ‘இது நமக்கில்லை’ என்று ஒருவர்கூட விலகிப் போகக் கூடாது.

மருத்துவ உதவி கேட்கும் படம்தான் இருப்பதிலேயே கடினமானது. 2021-ல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றின் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு 16 கோடி ரூபாய் மருந்து தேவைப்பட்டது. கைக்குக் கை, போனுக்குப் போன் அந்த வேண்டுகோள் பரவி, ஊர் பேர் தெரியாதவர்கள் பணம் போட்டார்கள். மருந்து இறக்குமதிக்கான வரி சுமார் 6 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தள்ளுபடி செய்தது. ஒரு படமும் நான்கு வரியும் அவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மாவட்டம் கண்டிருக்கிறது. அதனாலேயே அந்த நான்கு வரி பொய்யற்றதாக இருக்க வேண்டும். மருத்துவமனைக் கடிதத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். எவ்வளவு தேவை, எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதி நிலவரம் என்று மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். தேதி இல்லாத வேண்டுகோள் மூன்று ஆண்டு கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். கியூஆர் கோடைச் சுற்றி வெள்ளை இடம் விட்டு, மூன்று வேறு போன்களில் ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயர் அந்தப் பெற்றோரின் பெயர்தானா என்று பார்த்து, ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்த பிறகே வெளியிடுங்கள். டியூப் மாட்டிய குழந்தையின் முகத்தைப் போட்டால்தான் பணம் வரும் என்பார்கள். நான் சிரிக்கும் படத்தைத்தான் கேட்பேன். அந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்து ஒருநாள் அதைப் பார்க்கப் போகிறது. தேவையான தொகை சேர்ந்ததும், அதே நிறத்தில், அதே வடிவில், ‘போதும், நன்றி’ என்று இன்னொரு படம் செய்து அனுப்புவதும் உங்கள் வேலைதான். அதை மறப்பவர்கள் அதிகம்.

கண்ணீர் அஞ்சலிக்கு நேரம் இருக்காது. இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். காலையில் சுவரில் இருக்க வேண்டும். கையில் வாக்காளர் அட்டை ஒன்றுதான் இருக்கும், முகம் நகத்தளவு. அதைப் பெரிதாக்கினால் ஆளே வேறாகத் தெரிவார். பேரன் பேத்தி போன்களில் தேடச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படமாவது கிடைக்கும். பின்னணியை நீக்குங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். சுருக்கத்தை நீக்காதீர்கள், தோலை வெளுப்பாக்காதீர்கள், அவர் போடாத கோட்டும் டையும் மாட்டாதீர்கள். தலையில் துண்டு கட்டியே வாழ்ந்தவர் என்றால் துண்டோடு இருக்கட்டும். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, காரியம் நடக்கும் நாள், இடம், பெயர். பிறந்த தேதி தெரியாதென்றால் ஊகித்துப் போடாமல் வயதை மட்டும் போடுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லா ஃபைலையும் ஒரு பென்டிரைவில் போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அவர்கள் வேறு யாரிடமாவது போக நேரலாம். அஞ்சலிப் படத்தைக் கொடுக்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கொடுங்கள்: பூமாலை இல்லாமல், தேதி இல்லாமல், எழுத்து எதுவும் இல்லாமல், சரிசெய்த முகம் மட்டும் உள்ள படம். நாலைந்து மாதம் கழித்து மகளோ மருமகளோ வந்து அதைத்தான் கேட்பார்கள், வீட்டில் மாட்டுவதற்கு.